முறை தெரியாதவரோடு பேசுவது: வேலூர் வகுப்பறையில் ஒரு விக்கிப்பீடியா பருவம்

"ரொம்ப நன்றி அண்ணா" என்று என் மாணவி ஒருத்தி பதில் எழுதியிருந்தாள். விக்கிப்பீடியாவில் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர்களுக்கு ஒரே அச்சில் போடப்படும் வரவேற்புச் செய்திக்குத்தான் அந்தப் பதில். அதன் பின்னால் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, வெறும் வார்ப்புரு. கணினி அறை முழுக்கச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அந்தப் பருவம் முழுக்க நான் நடத்த வேண்டிய பாடம் அந்த 'அண்ணா'வுக்குள்தான் இருந்தது என்பது பல வாரம் கழித்துத்தான் உறைத்தது.

எங்கள் கல்லூரி வேலூரில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு இதழியல் மாணவர்களுக்கு இணையவழி உறவுகள் பற்றி ஒரு விருப்பப் பாடம் உண்டு. முப்பது பேருக்குச் சற்று மேல். வேலூர், காட்பாடிக்காரர்கள் பாதி. மீதிப்பேர் குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடி என்று ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து போகிறவர்கள். வீட்டில் பேசுவது தமிழ், தெலுங்கு, உருது என்று ஆளுக்கு ஒன்று.

முதல் ஆண்டு இந்தப் பாடத்தைக் கரும்பலகையில்தான் நடத்தினேன். எழுத்தால் மட்டும் பழகுகிறவர்களும் நெருக்கமாகலாம், நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும் என்று தொடர்பியல் ஆய்வாளர் ஜோசப் வால்தர் 1992-இல் சொன்னது. 1996-இல் அவரே ஒரு படி மேலே போய், சில சமயம் இது நேர்ப்பழக்கத்தையும் மிஞ்சிவிடும் என்றது. காட்ட விரும்புவதை மட்டும் காட்டுகிறோம், எதிராளியிடம் தெரியாத பாகத்தை நாமே நல்லபடியாக நிரப்பிக்கொள்கிறோம் என்பது அவர் வாதம். அப்புறம் உளவியலாளர் ஜான் சுலர் 2004-இல் எழுதிய, திரை மறைவில் நாக்கு கட்டவிழ்வது பற்றிய கட்டுரை. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள், தேர்வில் அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். தன் கைபேசிக்குள் நடக்கும் உறவைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை.

அடுத்த ஆண்டு முறையை மாற்றினேன். நாலு நாலு பேராகப் பிரிந்து தமிழ் விக்கிப்பீடியாவில் நம் பகுதி பற்றிய ஒரு கட்டுரையை எடுத்துத் திருத்த வேண்டும். கட்டுரையின் தரத்துக்கு மதிப்பெண் கிடையாது. அதைத் திருத்தும்போது முன்பின் தெரியாதவர்களோடு நடந்த பேச்சை அலசி எழுதுவதுதான் ஒப்படைப்பு.

இன்ஸ்டாகிராமையே எடுத்துக்கொள்ளலாமே சார் என்று ஒருவன் கேட்டான். அங்கே சண்டை போட்டவன் காலையில் பதிவை அழித்துவிடுவான், ஆராய என்ன மிஞ்சும்? விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 'வரலாறு' இருக்கிறது. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை எடுத்து எதைப் போட்டார் என்பது அதில் அப்படியே கிடக்கும். இணையத்தில் மனித உறவுக்கு இவ்வளவு துல்லியமான நாட்குறிப்பு வைத்திருக்கும் வேறு இடம் எனக்குத் தெரிந்து இல்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது, 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. ஆனாலும் அன்றாடம் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பொது விவாதப் பக்கத்துக்குப் பெயரே 'ஆலமரத்தடி'. புதிதாக வருகிறவர் மறுநாளே யார் கண்ணிலாவது படுவார். பாடத்துக்கு அது வசதி.

முதல் வாரத்தில் எஸ்ஜே கதையைச் சொன்னேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்தப் புனைபெயரில் இருந்த ஒருவர் தன்னை இறையியல் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டார், நிர்வாகியாகவும் உயர்ந்தார். 2006-இல் ஓர் அமெரிக்க வார இதழ் அந்த அடையாளத்தை நம்பி அவரைப் பற்றி எழுதியது. 2007-இல் உண்மை வெளியே வந்தபோது அவருக்கு வயது 24, பேராசிரியரும் இல்லை. அவர் செய்த திருத்தங்களில் பல நல்ல திருத்தங்கள்தான். அப்படியானால் பொய்யானது எது, வேலையா, ஆளா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து மணியடிக்கும்வரை கத்தியது. அந்த ஆண்டு எனக்குக் கிடைத்த முதல் நல்ல வகுப்பு அது.

தொடக்கச் சறுக்கல்கள்

கணினி அறையில் கணக்குத் தொடங்க உட்கார வைத்தேன். ஆறு பேர் முடித்தார்கள். ஏழாவது ஆளுக்கு இன்று இனி முடியாது என்று வந்துவிட்டது. ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குகள்தான் தொடங்கலாம் என்ற வரம்பு இருக்கிறது, எங்கள் கல்லூரி முழுக்க வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரிகிறது. மீதிப்பேர் வராந்தாவுக்குப் போய்த் தங்கள் கைபேசி டேட்டாவில் தொடங்கினார்கள். இதை முன்பே விசாரித்திருக்க வேண்டியவன் நான்.

இரண்டாவது சறுக்கல் இன்னும் மோசம். ஆர்வம் வரட்டும் என்று, முதல் இரண்டு வாரம் எத்தனை திருத்தம் செய்கிறார்களோ அதற்கேற்ப மதிப்பெண் என்று சொல்லிவிட்டேன். ஒரு பையன் ஒரே பத்தியை முப்பது முறை சேமித்திருந்தான். ஒரு சேமிப்புக்கு ஒரு காற்புள்ளி. கேட்டால், "சார், நீங்கதான் எண்ணிக்கைன்னு சொன்னீங்க." அவன் மேல் தப்பில்லை. அன்றே அந்த அளவுகோலைத் தூக்கிவிட்டேன்.

வெட்டி ஒட்டுவது பற்றி மட்டும் முன்கூட்டியே கறாராக இருந்தேன். 2011-இல் புனேயில் மாணவர்களைக் கொண்டு ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பெரிய முயற்சி நடந்து, பதிப்புரிமை மீறல்கள் குவிந்து, சுத்தம் செய்யத் தன்னார்வலர்கள் படாத பாடு பட்டு, அந்த ஆண்டோடு நின்றுபோனது. அங்கே கெட்டது கட்டுரைகள் மட்டுமில்லை. மாணவர்கள் என்றாலே வெறுக்கிற மனநிலை அந்தச் சமூகத்தில் வந்துவிட்டது. நம்மால் அடுத்து வருகிறவனின் பெயர் கெடும் என்பதை இதை வைத்துத்தான் விளக்கினேன். அதனால் முதல் மூன்று வாரம் எல்லோரும் மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பழகுவதற்கென்றே இருக்கும் பக்கத்தில், மட்டுமே எழுதினார்கள்.

அண்ணாவா, ப்ரோவா, ஐயாவா?

வேலை தொடங்கியதும் முதலில் மாட்டிக்கொண்டது வரலாற்றிலோ நுட்பத்திலோ இல்லை, விளியில். கட்டுரையைப் பற்றி விவாதிக்க அதன் கூடவே ஒரு பேச்சுப் பக்கம் இருக்கும். அங்கே ஒருவர் எழுதியிருக்கிறார், பதில் சொல்ல வேண்டும். அவரை எப்படிக் கூப்பிடுவது? பெயரோ ஏதோ பூவின் பெயர். வயது தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது, என்ன வேலை என்பது தெரியாது.

பாடப்புத்தகங்களில் இந்தச் சிக்கலைப் பார்க்க முடியாது, அவை ஆங்கிலத்தில் யோசித்து எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் எதிரே இருப்பவர் யாரானாலும் ஒரே முன்னிலைச் சொல்தான். தமிழில் வாயைத் திறக்கும் முன்பே நீயா நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும், கூடவே ஒரு முறை வைத்தாக வேண்டும். நாம் பஸ் கண்டக்டரைக்கூட அண்ணா என்கிறோம், காய்காரம்மாவை அக்கா என்கிறோம். முறை வைத்துவிட்டால் பாதி உறவு முடிந்தது. அந்தப் பாதி இல்லாமல் பேச்சைத் தொடங்கவே எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆம்பூர்ப் பையன் எல்லோரையும் 'ப்ரோ' என்றான். கொஞ்ச நாளில் ஒருவர், "நான் ப்ரோ இல்லை, பரவாயில்லை, தொடருங்கள்" என்று எழுதினார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவன் பேச்சுப் பக்கத்தையே திறக்கவில்லை. குடியாத்தத்து மாணவி எல்லோருக்கும் 'சார்' போட்டாள். 'சார்' போட்டபின் அவரோடு வாதாட அவளால் முடியவில்லை. அவர் ஊர்ப்பெயரைத் தப்பாக எழுதியிருந்தார், அது அவள் சொந்த ஊர். ஆனாலும் அவள் திருத்தவில்லை. ஏன் என்று கேட்டேன். "சார்னு சொல்லிட்டேனே சார்" என்றாள்.

இதைத்தான் நான் இந்த ஆய்வின் முதல் கண்டுபிடிப்பாக எண்ணுகிறேன். முறை வைத்த கணத்தில் யார் யாரைத் திருத்தலாம் என்பதும் முடிவாகிவிடுகிறது. கலைக்களஞ்சியமோ யாரும் யாரையும் திருத்தலாம் என்ற ஏற்பாட்டின் மேல் நிற்கிறது. இரண்டும் மோதுகிற இடத்தில்தான் எங்கள் மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

வழியைத் தமிழே வைத்திருந்தது. படர்க்கையில் 'அவர்' என்று சொன்னால் ஆணும் அடங்கும், பெண்ணும் அடங்கும், மரியாதையும் குறையாது. முன்னிலையில் பயனர் பெயரைச் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்குப் போய், வாக்கியத்தில் 'உங்கள்', 'பாருங்கள்' என்று வைத்தால் போதும். வகுப்பில் ஒரு மணி நேரம் இதற்கென்றே பயிற்சி கொடுத்தேன். முறை வைக்காமல் மரியாதையாக மூன்று வரி எழுதுங்கள் என்றேன். முப்பது பேரில் பலருக்கு அந்த மூன்று வரி சுலபமாக வரவில்லை.

திருப்பத்தூர் விவகாரம்

வேலூர்க் கோட்டைச் சிப்பாய்க் கிளர்ச்சியை எடுத்த குழுவின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1806 ஜூலை 10 விடியுமுன் நடந்த கிளர்ச்சி அது. புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் வந்த கட்டுப்பாடு, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பம், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அடக்கிய ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி என்று எங்கள் ஊரில் இதை ஓரளவு எல்லோரும் சொல்லுவார்கள். மக்கான் அருகே நினைவுத் தூண் இருக்கிறது, ஆண்டுதோறும் மாலை போடுகிறார்கள். 2006-இல் அஞ்சல்தலையும் வந்தது. ஆற்காட்டுப் பையன் ஒருவன் குழுத்தலைவன். கட்டுரையின் முதல் வரியிலேயே இது 'இந்தியாவின் முதல் சுதந்திரப் போர்' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

இருபது நிமிடத்தில் ஒருவர் அதை நீக்கியிருந்தார். ஏன் மாற்றினோம் என்று எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் 'சான்று தேவை' என்று இரண்டே சொல். பையன் மறுபடி போட்டான். மறுபடி போனது. மூன்றாம் முறையும் போட்டான். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது, அதாவது மற்றவர் செய்த மாற்றத்தைத் திருப்பிப் போடக் கூடாது என்று விதி உண்டு, அதை வகுப்பில் சொல்லியிருந்தேன். எனவே நாலாவது முறை போடாமல் வேறொன்று செய்தான். வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டான்.

அன்று இரவு ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் பேச்சுப் பக்கத்தில் ஐந்து புதுக் கணக்குகள் வந்து 'ஆதரிக்கிறேன்', 'ஆதரிக்கிறேன்' என்று எழுதின. ஒருத்தி, "எங்க ஊர் வரலாறு எங்களுக்குத் தெரியாதா, நீங்க யார் சொல்ல?" என்றும் கேட்டிருந்தாள். நேரில் அவள் வாயிலிருந்து சத்தமாக ஒரு சொல் வராது.

அந்த முகம் தெரியாதவர் காலையில் பதில் எழுதியிருந்தார். "நீங்கள் ஐந்து பேரும் ஒரே கல்லூரியா? அதில் தவறில்லை, சொல்லிவிட்டால் போதும். இங்கே தலை எண்ணுவதில்லை, சான்றைத்தான் பார்ப்போம். முதல் போர் என்றால், 1801-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களை எந்தக் கணக்கில் வைப்பது?"

எங்கள் ஆள் உடனே பதில் போட்டிருக்கிறான்: "திருப்பத்தூர் எங்க பக்கத்து ஊர்தான். அங்க அப்படி எதுவும் நடக்கல. எங்க தாத்தாகிட்டயே கேட்டுட்டேன்."

நான் அதைப் படித்தது காட்பாடி ரயில் நிலையத்தில். தலையில் கை வைத்துக்கொண்டேன். மருதிருவர் தூக்கிலிடப்பட்டது சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூரில், 1801 அக்டோபர் 24-ஆம் தேதி. பையன் சொல்வது ஏலகிரி அடிவாரத்துத் திருப்பத்தூர். தாத்தா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

கிண்டலடிக்க இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது. அவர் எழுதியது இவ்வளவுதான்: "இது தெற்கே இருக்கும் திருப்பத்தூர். பெயர்க் குழப்பத்தில் நானும் விழுந்திருக்கிறேன். கிளர்ச்சிக்கான காரணங்கள் பகுதி மெலிந்து கிடக்கிறது, உங்கள் ஊர் நூலகத்தில் நூல்கள் இருக்குமே, அதை எழுத முடியுமா?"

மறுநாள் அந்தப் பேச்சுப் பக்கத்தை அச்சடித்து வகுப்பில் நாடகம் மாதிரி படிக்க வைத்தேன். எழுதியவர் வரியை வேறொருவர் படிக்க வேண்டும். 'நீங்க யார் சொல்ல' என்ற இடம் வந்ததும் அறையில் யாரும் அசையவில்லை. சுலர் சொன்னபடி பார்த்தால் பெயர் மறைத்த அந்நியர்தான் நாக்கை அவிழ்த்துவிட்டிருக்க வேண்டும். இங்கே அவிழ்த்தது ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த நண்பர்கள். சமூக உளவியலாளர்கள் ரைக்கர், ஸ்பியர்ஸ், போஸ்ட்மஸ் மூவரும் 1995-இல் எழுதியது இதற்குப் பொருந்துகிறது. முகம் மறையும்போது மனிதன் கட்டுப்பாட்டை இழப்பதில்லை, தன் கூட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் இன்னும் இறுக்கமாகப் போய்விடுகிறான் என்பது அவர்கள் பார்வை. போன ஆண்டு கரும்பலகையில் எழுதியபோது இதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இந்த முறை சொல்லச் சொல்ல அந்த ஐந்து பேரும் குனிந்துகொண்டே குறிப்பெடுத்தார்கள்.

ஐவரில் ஒருத்தி தன் ஒப்படைப்பில் எழுதியதை அவள் அனுமதியோடு இங்கே தருகிறேன்: "அவன் என் ஃப்ரெண்ட், அதனால் ஆதரித்தேன். அவன் எழுதிய வரியை நான் படிக்கவே இல்லை." என் பாடத்திட்டத்தில் இந்த இரண்டு வரிக்கு ஈடான அலகு இல்லை.

குழுத்தலைவன் நூலகத்துக்குப் போனான். கொல்லப்பட்ட சிப்பாய்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் வேறாக இருப்பதைப் பார்த்துக் குழம்பி, முதல் தடவையாகத் தானே பேச்சுப் பக்கத்தில் போய்க் கேட்டான். எதை எடுப்பது என்று கேட்டதற்கு, எதையும் எடுக்காமல் யார் எவ்வளவு சொல்கிறார் என்று இரண்டையும் எழுதுங்கள் என்று பதில் வந்தது. அடுத்த ஐந்து வாரம் அவர்கள் இருவரும் அந்தக் கட்டுரையில் மாறி மாறி வேலை செய்தார்கள். சென்னை ஆளுநர் பெண்டிங்க் திரும்ப அழைக்கப்பட்டது வரை வந்துவிட்டார்கள். முதல் வரியில் 'முதல் சுதந்திரப் போர்' இல்லை. 1857-க்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னது என்று இருந்தது.

அப்பா வந்த நாள்

இதற்கிடையே அந்த 'நன்றி அண்ணா' மாணவியின் அப்பா துறைக்கு வந்தார். அணைக்கட்டுப் பக்கம் விவசாயம். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னா சார், ராத்திரி பத்து மணிக்கு யார்கிட்டயோ நெட்ல பேசிக்கினு இருக்குது பொண்ணு. கேட்டா காலேஜ் வேலைன்னுது. ஆளு யாருன்னு கேட்டா தெரியாதுன்னுது" என்றார்.

அவர் கேட்டது நியாயம். கணினியைத் திருப்பி அவளுடைய குழுவின் பேச்சுப் பக்கத்தைக் காட்டினேன். எதுவும் தனிச்செய்தி இல்லை, ஊரே பார்க்கலாம், எந்நேரமும் பார்க்கலாம் என்றேன். தொலைபேசி எண், ஊர், படம், உண்மைப் பெயர் எதையும் பயனர் பக்கத்தில் போடக் கூடாது, யாராவது தனியே தொடர்பு கேட்டால் எனக்குச் சொல்ல வேண்டும் என்று மாணவர்களுக்குப் போட்டிருந்த விதியையும் சொன்னேன். அவர் பாதிதான் கேட்டார். கண் திரையில் இருந்தது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் முள் கத்தரிக்காயைப் பற்றிய பேச்சு அது. முள் எங்கெங்கே இருக்கும் என்று இரண்டு பேர் அங்கே விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுல இன்னா சந்தேகம்? இலையிலயும் இருக்கும், காம்புலயும் இருக்கும். பறிக்கிற கைய வந்து பார்க்கச் சொல்லு" என்றார்.

"அப்பா சொன்னதைச் சான்றாப் போட முடியாதுப்பா" என்றாள் மகள், கொஞ்சம் சங்கடத்தோடு.

அவர் அதை ஏற்கவில்லை. எனக்கும் இன்றுவரை முழுசாகச் செரிக்கவில்லை. அச்சில் வராத அறிவுக்குக் கலைக்களஞ்சியத்தில் இடமில்லை என்பது நல்ல விதிதான். ஆனால் கையில் முள் குத்தின ஆளை, அச்சில் பார்த்த ஆள் திருத்தும் நிலை அதில் வருகிறது. கடைசியில் ஒரு வேளாண் வெளியீட்டில் அதே தகவல் கிடைத்தது, போட்டாள். அப்பாவுக்கு அதில் பெருமையா வருத்தமா என்று நான் கேட்கவில்லை.

யார் அவர்?

பருவம் முடியும் தறுவாயில் கிளர்ச்சிக் குழு என்னிடம் வந்தது. அந்த முகம் தெரியாதவரைக் கண்டுபிடித்துவிட முடியும் போலிருக்கிறது என்றார்கள். எந்தெந்த நேரத்தில் எழுதுகிறார், எந்தக் கட்டுரைகளைத் தொடுகிறார் என்று வரலாற்றுப் பக்கத்தை வைத்தே ஊரையும் தொழிலையும் ஊகித்திருந்தார்கள். ஃபேஸ்புக்கில் பொருத்திப் பார்ப்பதுதான் பாக்கி. ஒரு சால்வை போர்த்த வேண்டும் சார் என்றான் ஆற்காட்டுப் பையன். அன்பாகத்தான் சொன்னான்.

வேண்டாம் என்றேன். ஒருவர் தானாகச் சொல்லாத அடையாளத்தை வெளியே இழுப்பது விக்கிப்பீடியாவில் தடை செய்யப்படுகிற அளவுக்குக் குற்றம். அதை விடுங்கள், நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் அதே குறிப்புகளைக் கெட்ட எண்ணத்தோடு ஒருவன் உங்கள் கணக்கின் மேல் வைத்துப் பாருங்கள் என்றேன். குடியாத்தத்து மாணவி தன் வரலாற்றைத் திறந்தாள். காலை 7 முதல் 8 வரை ஒரு திருத்தமும் இல்லை. அது அவள் ரயில் நேரம். சனிக்கிழமை எல்லாம் அவள் ஊர் பற்றிய திருத்தங்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் மடிக்கணினியை மூடினாள். இணையப் பாதுகாப்பு பற்றி நான் தனியாக வைத்திருந்த இரண்டு வகுப்புகளை அத்தோடு ரத்து செய்தேன்.

நன்றி சொல்ல வேண்டும் என்றால் அவர் பேச்சுப் பக்கத்தில் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்கள். விளி எதுவும் வைக்கவில்லை.

இரண்டாம் முறை நடத்தும்போது சிலவற்றை மாற்றினேன். கணக்குத் தொடங்குவதை ஒரு வாரத்துக்குப் பரப்பினேன். வகுப்பு வேலை என்பதை ஒவ்வொருவரும் பயனர் பக்கத்தில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கல்லூரியின் பெயர் வேண்டாம். கட்டுரையில் கை வைக்கும் முன் பேச்சுப் பக்கத்தில் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். வாட்ஸப் குழுவை மட்டும் தடுக்கவில்லை. தடுத்தாலும் இன்னொன்று தொடங்குவார்கள்.

அப்புறம் 1989-இலும் 2019-இலும் பிரிந்த மாவட்டங்களை வைத்து ஒருவர் பிறந்த ஊரை வட ஆற்காடு என்பதா, வேலூர் என்பதா, ராணிப்பேட்டை என்பதா என்று இந்த ஆண்டுக் குழு ஒன்று மூன்று வாரம் மல்லுக்கு நின்றது. அதில் புதிதாக ஒன்றும் இல்லை, விட்டுவிடுகிறேன்.

ஆற்காட்டுப் பையன் இப்போது ராணிப்பேட்டையில் வேலையில் இருக்கிறான். அடுத்த ஜூலை 10 அன்று யாரோ புதிதாக வந்து அந்தக் கட்டுரையின் முதல் வரியில் மறுபடி 'முதல் சுதந்திரப் போர்' என்று போட்டுவிட்டார். மாற்றம் நடந்தால் தெரிய வேண்டிய பக்கங்களைக் குறித்து வைக்கும் கவனிப்புப் பட்டியலில் இவன் அதைச் சேர்த்திருந்திருக்கிறான். நான் மாலையில் பார்த்தபோது ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தது. சுருக்கத்தில் 'சான்று தேவை'. பேச்சுப் பக்கத்தில் கூடவே நாலு வரி. காரணங்கள் பகுதியில் இன்னும் வேலை இருக்கிறது, உங்களுக்கு ஏதாவது நூல் கிடைத்தால் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தான்.